முப்பத்தொரு விநாடி

முப்பத்தொரு விநாடிதான் அந்த வீடியோ.
அதுவும் யாரோ கல்யாண மண்டப மாடியிலிருந்து எடுத்தது,
பாதி நேரம் ஒரு தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது.
அதை வைத்துக்கொண்டு
காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டியில்
ஒன்பது நாளாகச் சண்டை போடுகிறோம்.

பெயர் பசவராஜ். அஞ்செட்டிக்கும் மேலே ஏதோ மலையூர்.
கிருஷ்ணகிரி காலேஜில் பி.காம் சீட், ஹாஸ்டல்,
இரண்டு ஜோடி ஷூ, தினம் நாலு முட்டை
என்று பேசி முடித்தாயிற்றாம்.
முட்டை ஆறு என்கிறார் சாதிக் பாய்.
ஆறு என்றால் கோச்சுக்கு ரெண்டு என்கிறான் எல்லப்பன்.

"எழும்பினா நெட்டுக்கு மேல மார்பு தெரியுது, பாரு."
"நெட்டைத் தாழ்த்திக் கட்டியிருப்பானுங்க."
"மீசையைப் பாத்தா பதினெட்டு மாதிரியா இருக்கு?"
"கன்னடக்காரன். நம்ம லிஃப்டர் கூப்பிட்டாப் புரியுமா?"
"மேலன்னா அங்கயும் மேலதான்டா."

தராசில் செந்தூரா கூடை ஏறி இறங்குகிறது.
இருபத்தேழு கிலோ என்று சீட்டில் எழுதியபடியே
முனிரத்தினம் சொன்னார்:
போன வருஷம் சேலத்துக்காரன்கிட்ட அஞ்சாவது செட்டுல
பதினஞ்சுக்குப் பதிமூணுல விட்டோமே,
இவன் இருந்திருந்தா.
அந்த 'இருந்திருந்தா'வின் மேல் யாரும் கைவைக்கவில்லை.
கொஞ்ச நேரம் லாரி மட்டும் இரைந்தது.

அப்போது பார்த்து திலீபனின் மாமா வந்தார்.
மூன்று வருஷமாக நெட்டின் வலக்கோடி திலீபனுடையது.
"அப்ப எங்க பையன் என்ன, பந்து பொறுக்கவா?"
கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல்,
இரண்டு மாங்காயை மடியில் கட்டிக்கொண்டு போனார்.
அது யார் கணக்கு என்று தனியாக ஒரு தகராறு.

நான் அதிகம் பேசுவதில்லை.
மாங்கூழ் ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட்,
தூக்கம் பாதி, பேச்சு பாதி.
"நீ ஆடினவன், நீ சொல்லு" என்று
போனை மூக்குக்கு நேரே நீட்டுவார்கள்.
பத்தொன்பதாவது விநாடியில் எழும்புகிறான்.
எழும்பியவன் அங்கேயே கொஞ்சம் தங்கி
இடது கையால் அறைகிறான்.
எதிரில் இரண்டு பேர் பந்தை எடுக்காமல்
வழிவிடுகிறார்கள்.
அங்கேயே நிறுத்தி, சிரித்து,
மறுபடி முதலிலிருந்து போடுவார்கள்.
இருபத்தோராவது விநாடியை அவர்கள் பார்த்ததே இல்லை.

நான் வீட்டில் பார்த்தேன்.
இடக்கையன் வலது காலில்தான் முதலில் இறங்குவான்.
இவன் இடது காலில் இறங்குகிறான்.
வலது பாதம், தரை சூடோ என்று பார்ப்பதுபோல்,
ஒரு மூச்சு தள்ளி வந்து சேர்கிறது.
கை முட்டியை நோக்கிப் போகிறது.
பாதி வழியில் ஞாபகம் வந்து
மேலே திரும்பி, தலைமுடியைக் கோதிக்கொள்கிறது.

அந்தக் கோதல் எனக்குத் தெரியும்.
கோச் பார்க்கிற பக்கமாக நின்று
நானும் இரண்டு வருஷம் கோதியிருக்கிறேன்,
தருமபுரியில் ஒரு மேட்ச்சில்
முட்டிக்குள் யாரோ கொய்யாக்காய் கடித்த சத்தம்
கேட்கும்வரை.

"என்னப்பா, தேறுவானா?"
நல்லா எழும்புறான் என்றேன்.
பொய்யில்லை.
சொன்னால் முட்டை போகும், ஷூ போகும், பி.காம் போகும்.
சொல்லாவிட்டால்
ஃபேக்டரி வண்டி ஹாரன் அடித்தது, ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை வருகிறான்.
ஞாயிறு விடிகாலை, கையில் மாங்கூழ் வாசனை போகாமலே
காலேஜ் கிரவுண்டுக்குப் போனேன்.
வாட்ச்மேனிடம் மண்வெட்டி வாங்கி
நெட்டின் வலக்கோடியில் இரண்டு பாய் அகலத்துக்குக்
கொத்திவிட்டேன்.
குவாரி லாரிகள் போகிற ஊர்,
மண்ணைவிடச் சல்லிதான் அதிகம்.
பொறுக்கிப் பொறுக்கி லுங்கி மடியில் கட்ட
மடி கிழிந்தது.

"யாருக்குய்யா இந்த மெத்தை?
திலீபனுக்கா, புதுப் பையனுக்கா?"
வாட்ச்மேன் கேட்டார்.

நான் தலைமுடியைக் கோதிக்கொண்டேன்.